வாரத்துக்கு இரண்டு மணி நேரம்

கேள்வி: தெருவில் யாருக்கு என்ன ஆனாலும் மனசு அசைய மாட்டேன் என்கிறது. இதை மாற்ற, தினமும் ஒரு நல்ல காரியம் செய்வதென்று முடிவெடுத்திருக்கிறேன். சரிப்படுமா? (ஒரு வாசகர், புளியரை)

பதில்: அந்தத் 'தினமும்' வேண்டாம். புத்தாண்டு டைரி மாதிரி ஒரே வாரத்தில் நின்றுபோகும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும்.

இது உங்களுக்குப் பக்கத்து மாநிலமான கேரளத்துக் கணக்கு. கோட்டைவாசல் தாண்டினால் ஆரியங்காவு. ஆனால் அந்தப் பக்கம் என்றாலே நமக்கு முல்லைப் பெரியாறும், லாரியில் வந்து கொட்டும் குப்பையும்தான். இரண்டையும் பற்றிக் காரமாக எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். அதற்காக அவர்களிடம் உள்ள நல்லதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சில டாக்டர்கள் தீராத நோயில் கிடப்பவர்களுக்காகத் தொடங்கிய வலி நிவாரணப் பணி, மலப்புறம் பக்கம் சாதாரண ஜனங்கள் கைக்கு வந்தது. 2008-இல் மாநில அரசின் கொள்கையே ஆனது. தொண்டராகச் சேர வருகிறவர்களிடம் கேட்டது வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான். பயிற்சி அவர்களே கொடுத்தார்கள்.

என்ன வேலை? படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும் தோல் சிவந்து புண்ணாகிவிடும். மனைவி ஒருத்தியால் ஓர் ஆளைப் புரட்ட முடியாது. இன்னொரு ஜோடிக் கை வேண்டும். போர்வை சுருக்கத்தை நீவிவிட வேண்டும். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேச வேண்டும். போன வாரம் சிவந்திருந்த குதிகால் இந்த வாரம் எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே கவலை வரும் பாருங்கள், மனசு அசைவது அங்கேதான்.

நம் ஊரிலும் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். அவர் வந்துபோன பிறகு மிச்ச நாளுக்கு யார்? பிறந்தநாள் பேனருக்குத் தெருவே திரள்கிறது. பேனரைக் கண்டித்தால் எனக்கு வசைக் கடிதம் வருகிறது. வரட்டும். அந்தப் பணத்தில் ஒரு வாட்டர் பெட் வாங்கலாம் என்று மறுபடியும் சொல்வேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸைப் பார்த்து, உங்களால் உதவ முடிகிற வீடு எது என்று கேளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்று சொன்னால், சனிக்கிழமை சாயங்காலம் அங்கே நில்லுங்கள். அந்த வீட்டம்மா அன்றைக்குத்தான் ரேஷன் கடைக்குப் போகலாம் என்று வைத்திருப்பார்.