மென்பொருள் ஜன்னலுக்குள் வலைப்பக்கம்: கேள்வி-பதில்

கேள்வி: பழைய வின்ஃபார்ம்ஸ் (விண்டோஸில் ஜன்னல்களை உருவாக்கும் மைக்ரோசாஃப்ட் கட்டமைப்பு) மென்பொருள். அதிலிருக்கும் வெப்பிரவுசர் கண்ட்ரோலில் (ஜன்னலுக்குள் வலைப்பக்கம் காட்டும் பகுதி) போன வருடம்வரை ஒழுங்காகத் திறந்த பக்கம் இப்போது ஸ்கிரிப்ட் எரர் காட்டுகிறது. பக்கத்தில் கோளாறா?

இல்லை. அந்தக் கண்ட்ரோலுக்குள் ஓடுவது இன்டர்நெட் எக்ஸ்புளோரர். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 7ஆம் பதிப்பைப் போலவே நடந்துகொள்ளும். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) உங்கள் எக்ஸி பெயரைப் போட்டு 11001 என்று மதிப்புக் கொடுத்தால் 11ஆம் பதிப்புக்கு ஏறும், ஆனால் அதோடு சரி; இன்றைய ஜாவாஸ்கிரிப்டில் சர்வசாதாரணமாக வரும் கிளாஸ் என்ற எழுத்துமுறைகூட அதற்குப் புரியாது. எட்ஜ் உலாவியின் எஞ்சினை உங்கள் ஜன்னலுக்குள் தரும் வெப்வியூ2-க்கு மாறிவிடுங்கள். ஒட்டுப்போட்டு இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்று தோன்றும், வேண்டாம்.

கேள்வி: மாறிவிட்டேன். விஷுவல் ஸ்டுடியோவில் ஓடுகிறது, இன்ஸ்டால் செய்தால் வெள்ளைத் திரைதான். பிழைச்செய்திகூட இல்லை.

அநேகமாக யூசர் டேட்டா ஃபோல்டர்தான் காரணம். குக்கி, கேஷ் எல்லாவற்றையும் வைக்க வெப்வியூ2-க்கு ஒரு ஃபோல்டர் வேண்டும். இடம் சொல்லாவிட்டால் எக்ஸி இருக்கும் இடத்திலேயே உருவாக்கப் பார்க்கும். உங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் அதற்குத் தடையில்லை. ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் சாதாரண பயனருக்கு எழுத அனுமதி கிடையாது, அதனால் தொடக்கத்திலேயே விழுந்துவிடுகிறது. சோர்ஸ் ப்ராப்பர்ட்டியில் முகவரியை மட்டும் கொடுத்திருந்தால் அந்தப் பிழை இனிஷியலைசேஷன் கம்ப்ளீட்டட் ஈவென்ட்டில்தான் வரும், அதை நீங்கள் கவனிக்கவில்லை என்றால் யாருக்கும் தெரியாமலே போய்விடும். வெப்வியூ2-இன் என்விரான்மென்ட்டை (அதன் தொடக்க அமைப்பு) நீங்களே உருவாக்கி, லோக்கல் ஆப்டேட்டாவுக்குள் (பயனர் எழுத அனுமதியுள்ள அவருடைய சொந்த ஃபோல்டர்) ஒரு பாதையைக் கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டச் சொல்லி இதைச் சரிக்கட்டாதீர்கள்: வெளி உலகப் பக்கத்தைத் திறக்கும் ஒரு நிரலுக்கு அவ்வளவு அதிகாரம் கொடுப்பது பயனரை ஆபத்தில் தள்ளுவது.

அப்புறம், விண்டோஸ் 11இல் வெப்வியூ2 ரன்டைம் (அது ஓடத் தேவையான மென்பொருள்) கூடவே வருகிறது, விண்டோஸ் 10இல் இல்லாமலும் இருக்கலாம். இன்ஸ்டாலரே பார்த்துப் போட்டுவிடட்டும்.

கேள்வி: வெப்வியூவுக்குள் கூகுள் லாகின் திறந்தால் மறுக்கிறது. யூசர் ஏஜென்ட்டை (உலாவி தன்னை யாரென்று தளத்துக்குச் சொல்லும் வரி) மாற்றிப் பார்க்கலாமா?

மாற்றாதீர்கள். அந்தப் பெட்டிக்குள் பயனர் தட்டும் பாஸ்வேர்டை உங்கள் நிரலால் படிக்க முடியும், நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கணினி, மொபைல் நிரல்களில் லாகின் எப்படி நடக்க வேண்டும் என்று 2017இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 8252-உம் இதைக் கூடாது என்றே சொல்கிறது. கணினியின் வழக்கமான உலாவியைத் திறந்து லாகினை அங்கே நடத்துங்கள், பதிலை 127.0.0.1இல் (அதே கணினியின் முகவரி) ஒரு போர்ட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், பிகேசிஇ (இடையில் அந்தப் பதிலைத் திருடினாலும் பயன்படுத்த முடியாமல் செய்யும் முறை) கட்டாயம் சேருங்கள்.

கேள்வி: பக்கத்திலுள்ள பட்டனை அழுத்தினால் என் சி ஷார்ப் மெத்தட் ஓட வேண்டும். ஆப்ஜெக்டை அப்படியே ஸ்கிரிப்டுக்குக் கொடுத்துவிட்டேன், சரிதானே?

பக்கம் யாருடையது என்பதைப் பொறுத்தது. உங்கள் மென்பொருளோடு நீங்களே அனுப்பும் எச்டிஎம்எல் என்றால் பரவாயில்லை. இணையத்திலிருந்து வரும் பக்கம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்: பயனர் ஒரு லிங்க்கை அழுத்தி வேறு தளத்துக்குப் போய்விட்டால் அந்தத் தளத்தின் ஸ்கிரிப்டும் அதே ஆப்ஜெக்டைக் கூப்பிடலாம், ஃபைலை அழிக்கும் மெத்தட் ஒன்று அதில் இருந்தால் அதையும் சேர்த்துத்தான். போஸ்ட்மெசேஜ் வழியாக வெறும் செய்தி மட்டும் வரட்டும், வந்ததும் அனுப்பிய பக்கத்தின் முகவரியைச் சோதியுங்கள், தெரிந்த நாலைந்து கட்டளைகளைத் தவிர எதையும் ஏற்காதீர்கள். நேவிகேஷன் ஸ்டார்ட்டிங் ஈவென்ட்டில் உங்களுடையதல்லாத முகவரிகளை நிறுத்தி வெளி உலாவிக்கு அனுப்பிவிடுங்கள். எலக்ட்ரானிலும் (வலைப்பக்கங்களையே மென்பொருளாக்கும் கட்டமைப்பு) இதே கதைதான். அங்கே நோட் இன்டக்ரேஷன் (பக்கத்தின் ஸ்கிரிப்டைக் கணினியின் ஃபைல்கள்வரை எட்ட விடும் வசதி) 5ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே அணைந்திருக்கிறது, பழைய டுடோரியல் ஒன்றைப் பார்த்து அதை மீண்டும் திறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: டபிள்யூபிஎஃப்-இல் (விண்டோஸ் மென்பொருளுக்கான இன்னொரு மைக்ரோசாஃப்ட் கட்டமைப்பு) பக்கத்துக்கு மேலே ஒரு பட்டன் வைத்தால் மறைந்துவிடுகிறது.

வெப்வியூ தனி ஜன்னலாக மேலே வரையப்படுவதால் அப்படி. பாப்அப்புக்குள் பட்டனை வையுங்கள், அல்லது புதிய பதிப்புகளில் வந்திருக்கும் காம்போசிஷன் கண்ட்ரோலைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எலக்ட்ரான் பெரிதாக இருக்கிறது, அதே வேலையைச் செய்யும் டாரிக்குப் போகலாமா?

போகலாம், அளவு நன்றாகக் குறையும். ஆனால் அது அந்தந்த இயங்குதளத்தின் எஞ்சினையே எடுத்துக்கொள்கிறது: விண்டோஸில் வெப்வியூ2, மேக்கில் டபிள்யூகே வெப்வியூ, லினக்ஸில் வெப்கிட் ஜிடிகே. மூன்றிலும் உட்கார்ந்து சோதிக்க ஆளும் நேரமும் இருந்தால் மாறுங்கள், இல்லையென்றால் இப்போதைக்கு எலக்ட்ரானிலேயே இருங்கள்.