கடைசிப் பொத்தான்

அன்புள்ள அம்மா,

என் மகனுக்கு ஐந்து வயது. மூளை முடக்குவாதம், வலக்கையில் இறுக்கம். பிசியோதெரபியோடு ஆக்குபேஷனல் தெரபிக்கும் போகச் சொன்னார் டாக்டர். அங்கே மாவு பிசைகிறான், துணி கிளிப் மாட்டுகிறான். "இதை விளையாடவா பஸ் ஏறிப் போறீங்க?" என்கிறார் மாமியார். செலவும் கட்டுப்படியாகவில்லை. ஆக்குபேஷனல் தெரபியைத் தமிழில் தொழில்வழி சிகிச்சை என்கிறார்களே, இந்த வயதில் அவனுக்கு என்ன தொழில்?

ஒரு தாய், சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

பெயர்தான் குழப்புகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சாப்பிடுவதும் உடுத்துவதும் விளையாடுவதும்தான் தொழில். கிளிப்பை அழுத்துகிற விரல்தான் நாளை பொத்தான் போட வேண்டும். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

என் தங்கை மகளுக்கும் இதே பிரச்சினை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தெரபி, மற்ற நேரமெல்லாம் வீடு. வீட்டில் நாங்கள் செய்தது என்ன? ஸ்கூல் வேன் வந்துவிடும் என்று ஊட்டிவிட்டோம், உடுத்திவிட்டோம். பாசம்தான். ஆனால் அவள் பழக வேண்டிய நேரத்தை எங்கள் அவசரம் தின்றுவிட்டது. தெரபிஸ்ட்தான் வழி சொன்னார்: "சட்டையை நீங்களே போட்டுவிடுங்கள், கடைசிப் பொத்தானை மட்டும் அவளிடம் விடுங்கள். அது வந்ததும் கடைசி இரண்டு." வேலையை முடிக்கிற சந்தோஷம் தினமும் அவளுக்கே கிடைத்தது. முதல் பொத்தானுக்கு 4 மாதம் ஆயிற்று. அன்று என் தங்கை அழுததை நான் மறக்கவில்லை.

சட்டை போடும்போது இறுக்கமான கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். அப்புறம், சாப்பிடும்போது அவன் கால் அந்தரத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் சாயாமல் உட்காரவே பலமெல்லாம் போய்விடும், கைக்கு மிஞ்சாது. பாதத்துக்கு அடியில் ஒரு பலகை வையுங்கள். ஸ்பூன் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள்.

செலவுக்கு வருகிறேன். 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள், அதாவது பிள்ளைகளின் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டு சிகிச்சை தரும் மையங்கள், இருக்கின்றன. அங்கே 18 வயது வரை சிகிச்சை இலவசம். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. மூளை முடக்குவாதம் அதில் சேரும், தெரபி செலவும் சேரும். மாற்றுத்திறனாளி சான்றிதழை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டையும் விசாரியுங்கள்.

அடுத்த முறை தெரபிஸ்ட்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த வாரம் வீட்டில் எதை அவனிடமே விட்டுவிடலாம்? முடிந்தால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் முதல் பொத்தான் போட்டதும் எனக்கு எழுதுங்கள்.