வாசகர் கேள்வி–பதில்: பெட்டியைத் திறப்பதற்கு முன்

கேள்வி: என்னிடம் ஓர் ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி சிறிய ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. பாஸ் (தாழ்ந்த ஒலி) ‘கும்’மென்று குழைந்து ஒலிப்பதால் பாடகரின் குரல் அமுங்கிப்போகிறது. பெட்டிக்குள் பஞ்சு அடைத்து, விலை உயர்ந்த வயர் வாங்கிப் போட்டால் சரியாகுமா?

பதில்: இரண்டையும் சற்றுத் தள்ளிவையுங்கள். நீங்கள் சொல்லும் கோளாறு பெரும்பாலும் அறையில்தான் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர் என்பதால், அது ஸ்பீக்கரின் முன்பக்கமாக மட்டும் செல்லாமல் எல்லாத் திசைகளிலும் பரவி, பின்சுவரில் பட்டுத் திரும்பி, நேராக வரும் ஒலியுடன் சேர்ந்து அதைப் பெருக்குகிறது. மூலையில் வைத்தால் இந்தப் பெருக்கம் இன்னும் கூடும். ஆகவே ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து விலக்கி, பின்சுவரிலிருந்து அரை மீட்டராவது முன்னுக்கு இழுத்து, பின்சுவருக்கும் பக்கச்சுவருக்கும் உள்ள தூரங்கள் சமமாக இல்லாதபடி வையுங்கள். ட்வீட்டர் (உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறிய ஒலிப்பான்) உங்கள் காது மட்டத்தில் இருக்கட்டும்.

நாற்காலியின் இடமும் முக்கியம். 4 மீட்டர் நீளமுள்ள அறையில் சுமார் 43 ஹெர்ட்ஸ் ஒலி நிலையலையாக, அதாவது சுவர்களுக்கிடையே எதிரொலித்து ஓரிடத்தில் ஓங்கியும் ஓரிடத்தில் ஒடுங்கியும், நின்றுவிடும். சுவரோரம் அது மிகையாகவும், அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய இல்லாமலும் கேட்கும். பாஸ் நிறைந்த ஒரு பாடலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள். ஓரடி நகர்ந்தாலே ஒலி மாறுவதை உணர்வீர்கள். எந்த வயரும் இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தராது என்பது என் உறுதியான கருத்து.

பஞ்சைப் பொறுத்தவரை, முழுதும் மூடிய பெட்டியில் அளவாக நிரப்பினால் பெட்டியின் கொள்ளளவு சற்றுக் கூடியதுபோன்ற விளைவு கிடைக்கும். காற்றுத் துளை உள்ள பெட்டியிலோ, துளையருகே அடைக்கும் பஞ்சு துளையின் வேலையையே கெடுத்துவிடும். வயரைப் பொறுத்தவரை, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 5 மீட்டர் ஓடினால், போய்வரும் மின்தடை சுமார் 0.12 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டல்ல. கறுத்துப்போன நுனிகளை வெட்டிப் புதிதாகச் சீவி, ஓர் இழைகூட வெளியே நீட்டாமல் முறுக்கிப் பொருத்தினால் போதும்.

கேள்வி: இரண்டு ஸ்பீக்கர்களும் ஒலித்தும் பாஸ் மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. ஏன்?

பதில்: ஒரு பக்கத்து வயர் மட்டும் பிளஸ், மைனஸ் மாறியிருக்கக்கூடும். ஒரு ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு வெளியே தள்ளும்போது மற்றதன் கூம்பு உள்ளே இழுப்பதால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பெட்டியில் குறித்திருக்கும் பிளஸ் முனையையே நம்பாமல் சோதிக்க விரும்பினால், ஸ்பீக்கர் வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, அதன் இரு நுனிகளை 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். ஊஃபரின் (பாஸ் தரும் பெரிய ஒலிப்பானின்) கூம்பு வெளியே துள்ளினால், பேட்டரியின் பிளஸைத் தொட்ட நுனிதான் பிளஸ்.

கேள்வி: டிவியை ஆம்ப்ளிஃபயருடன் இணைத்தவுடன் ‘உம்’மென்ற இரைச்சல் தொடங்குகிறது. பிளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிட்டால் நின்றுவிடும் என்கிறார் நண்பர்.

பதில்: நின்றாலும் நிற்கும், ஆனால் கருவிக்குள் மின்கசிவு ஏற்படும் நாளில் அதன் உலோக உடலைத் தொடுபவருக்கு உயிராபத்து. அந்த முள்ளைத் தொடவே வேண்டாம். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகிப் பாருங்கள். நிற்காவிட்டால், டிவிக்கு வரும் கேபிள் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். அப்போது இரைச்சல் அடங்கினால், கேபிளின் வழியாக இன்னோர் எர்த் பாதை உருவாகியிருக்கிறது என்று பொருள். டிவியில் ஆப்டிகல் வெளியீடும் ஆம்ப்ளிஃபயரில் அதற்கான உள்ளீடும் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒளியிழையில் மின்சாரம் பாயாது என்பதால், இரைச்சலைத் தரும் அந்த எர்த் சுற்று அங்கேயே அறுபட்டுவிடும்.