பேட் மாற்றியும் பிரேக் பிடிக்கவில்லையா? பூஸ்டரைப் பாருங்கள்

2002 ஹோண்டா சிட்டி விடெக், முன் டிஸ்க்கும் பேடும் புதுசு, அப்படியும் பெடல் கல் மாதிரி இருக்கிறது, ஏறி மிதித்தால்தான் நிற்கிறது என்கிறீர்கள். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் லைனில் காற்று என்று சொல்லியிருப்பேன். கல் மாதிரி என்றால் என் சந்தேகம் வேக்குவம் பூஸ்டர் மேல்தான், அதாவது இன்ஜின் உண்டாக்கும் வெற்றிடத்தை வைத்து உங்கள் கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பாகம்.

இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு தடவை மிதியுங்கள். இறுகிவிடும். காலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். அசையவே இல்லையென்றால் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) பூஸ்டருக்கு வரும் ஹோஸையும் அதிலுள்ள ஒருவழி வால்வையும் பாருங்கள். என் பழைய வண்டியில் கிளாம்புக்குக் கீழே முடி அளவு விரிசல். விரலால் வளைத்தால்தான் தெரிந்தது. பெடலை மிதித்தால் 'உஸ்ஸ்' என்று சத்தம். அதற்குள் ஒரு மெக்கானிக் இரண்டு செட் பேடு விற்றுவிட்டார்!

பெடல் சரியாக இறங்கினால், காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகர்வதற்கான ஸ்லைடு பின்கள் கையால் தள்ளினால் நகர்கிறதா பாருங்கள். இறுகியிருந்தால் உள்பேடும் வெளிப்பேடும் ஒரே சீராகத் தேயாது. அப்புறம், புதுப் பேடைப் பழக்கினீர்களா? காலியான சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 20-க்கு எட்டுப் பத்து முறை மிதமாகக் குறைக்க வேண்டும், முழுசாக நிறுத்தாமல். ஆனால் பூஸ்டர் சோதனை முடியும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

பின் சக்கர டிரம் பிரேக்கைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?