எங்கள் ஊர்க் கடைத்தெருவை நடப்பவர்களுக்கு மட்டும் விடமுடியுமா? யாரிடம் கேட்பது, வியாபாரம் படுத்துவிடாதா?

கேள்வியின் கடைசிப் பகுதியைப் பார்த்தால் நீங்கள் கடைக்காரர், அல்லது கடைக்காரரின் பிள்ளை. நடக்க மட்டும் ஆசைப்படுகிறவர் வியாபாரத்தைப் பற்றிக் கேட்கமாட்டார். நானும் கடைக்காரன்தான். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் பாதணிக் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் இதன் கீழே அந்த ஊர்ச் சண்டைதான் நடக்கும்.

வியாபாரம் படுக்காது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் 1962இல் ஸ்ட்ரோகெட் என்ற கடைத்தெருவில் வாகனங்களை நிறுத்தியபோது அங்கிருந்த வியாபாரிகளும் இதே பயத்தில்தான் குதித்தார்கள். இது குளிர் நாடு, தெருவில் உலாவுவது இத்தாலியர்களின் வழக்கம், நமக்குச் சரிவராது என்றார்கள். இன்று அந்த நகரத்துக்குப் போகிற எவரும் முதலில் நடக்கிற தெரு அதுதான். எங்கள் ஊர் கோபன்ஹேகன் இல்லை என்று எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எங்கள் தெருவிலேயே நாங்கள் செய்து பார்த்தோம்.

கொரோனாவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு நான் வர்த்தகர் சங்கச் செயலாளராக இருந்தேன். பிரதான வீதியிலிருந்து பிரிகிற ஒடுங்கிய தெரு எங்களுடையது. இரண்டு பக்கமும் புடவைக்கடை, நகைக்கடை, என் கடை. சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் அங்கே மனிதர் நுழைய முடியாது. மோட்டார் சைக்கிளை என் வாசலில் நிறுத்திவிட்டு அடுத்த தெருவுக்கு உடுப்பு வாங்கப் போகிறவர்கள் பாதிப் பேர். புத்தாண்டுக்கு முந்திய நாட்களில் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வாகனங்களை நிறுத்தலாம் என்ற யோசனை அப்போதுதான் வந்தது.

யாரிடம் கேட்பது என்பதற்கு இதுதான் பதில்: முதலில் உங்கள் தெரு யாருடையது என்று பாருங்கள். ஏ, பீ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில் இருக்கின்றன. சீ, டீ வகுப்பு மாகாண வீதித் திணைக்களத்துக்கு உரியவை. மிச்சம் மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ பார்க்கும். திருகோணமலை வீதி, கல்முனை வீதி போன்ற பெரிய வீதிகளை மூடக் கேட்டீர்களானால் உங்கள் கடிதம் கொழும்புக்குப் போய் அங்கேயே குடியிருக்கும். எங்கள் தெரு பிரதேச சபையின் வீதி என்பதால் தப்பினோம். சபை சம்மதித்தாலும் பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவு சம்மதிக்காமல் ஒரு பீப்பாயைக்கூட நடுவீதியில் வைக்கமுடியாது. இரண்டு இடத்திலும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச் சம்மதம் தந்த பொறுப்பதிகாரி இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார்.

தெருவின் இரண்டு முனையிலும் தார்ப் பீப்பாய்களை வைத்து வெள்ளையும் சிவப்பும் பூசினோம். செலவு பூச்சுக்கு மட்டும்தான். முதல் நாள் பின்னேரம் கடைக்காரர்கள் எல்லோரும் வாசலில் நின்று என்னையே பார்த்தார்கள். ஏழு மணிக்கு ஒருவரும் வாசலில் இல்லை, உள்ளே வேலை இருந்தது.

செருப்பு வாங்குகிறவரைப் பார்த்துப் பழகியவனுக்கு இதன் காரணம் தெரியும். வழக்கமாகக் கணவர் தெருவில் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் நின்றுகொண்டு "கெதியாக வா" என்று கத்துவார். மனைவி பிள்ளையின் காலுக்குச் செருப்பைப் போட்டும் பார்க்காமல் அளவைக் குத்துமதிப்பாகச் சொல்லி வாங்கிக்கொண்டு ஓடுவார். மறுநாள் மாற்ற வருவார்கள். வாகனம் வெளியே நின்றுவிட்டதால் கணவரும் உள்ளே வந்து கதிரையில் அமர்ந்தார். அமர்ந்தவர் தனக்கும் ஒரு சோடி எடுத்தார். அந்த முறை மாற்ற வந்தவர்கள் மிகக் குறைவு.

ஒரு விடயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். எங்களிடம் ஒற்றைக் காலுக்குச் செருப்பு வாங்குகிற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். எந்தக் காலத்தில் எப்படி அப்படியானார்கள் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அவர்களில் ஒருவர் வந்த முச்சக்கர வண்டியைப் பீப்பாயடியில் நின்ற பையன்கள் மறித்தார்கள். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். நானே போய்ப் பீப்பாயை உருட்டி வண்டியை உள்ளே விட்டேன். நடக்கமுடியாதவரின் வண்டி, அம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி ஆகியவற்றுக்கு வழிவிடுவதும், சாமான் லொறிகள் காலையில் மட்டும் வருவதும் அனுமதிக் கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்கவேண்டும். பீப்பாயடியில் நிற்கிற பையனின் மனநிலைக்கு அதை விடமுடியாது.

அடுத்த ஆண்டுதான் வினை. தெரு காலியாகக் கிடப்பதைச் சபையின் வருமானப் பகுதி பார்த்துவிட்டது. சுண்ணாம்புக் கட்டியோடு வந்து தெருவை அடிக்கணக்கில் கோடு போட்டு, வெளியூரிலிருந்து வந்த பண்டிகைக்கால வியாபாரிகளுக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். படங்கு கட்டினார்கள், குமிழ் தொங்கவிட்டார்கள், ஒவ்வொரு படங்குக்கும் ஓர் ஒலிபெருக்கி. எதிரெதிரே வருகிற இரண்டு பேர் விலகிப் போகமுடியாத அளவுக்குத்தான் நடுவில் வழி மிஞ்சியது. வாகனம் போனால்கூட இதைவிட அகலமாக இடம் விடும். பீப்பாய்களை எடுங்கள் என்று கடைக்காரர்களே என்னிடம் வந்து சொன்னார்கள். அதற்கடுத்த ஆண்டு மோட்டார் சைக்கிள்கள் திரும்பி வந்தன. "மக்கள் விரும்பவில்லை" என்று சபைக் கூட்டத்தில் ஒருவர் பேசினாராம். எந்த மக்களைக் கேட்டார் என்று தெரியவில்லை.

இதைப் படிக்கிற சிலர் உடனே, "கடைக்காரனுக்கு நடைபாதை வியாபாரியைப் பிடிக்காது" என்று எழுதுவார்கள். என் அப்பா பஸ் நிலையத்தடியில் சாக்கு விரித்துச் செருப்பு விற்றுத்தான் இந்தக் கடையைப் பிடித்தார். வெளியூரார் பிழைக்கக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. என் கோபம் வேறு. எங்கள் தெருவில் ஆண்டு முழுவதும் பெட்டியோடு அமர்ந்து கச்சான் விற்கிற அம்மா ஒருவர் இருந்தார். வாகன நெரிசலிலும் வெயிலிலும் அங்கேயே இருந்தவர். அடிக்கணக்கு வாடகையை அவரால் கட்டமுடியவில்லை. நடக்கிறவர்களுக்காக என்று நாங்கள் மூடிய தெருவிலிருந்து முதலில் எழுந்து போனவர் அவர்தான்.

நியூயோர்க்கும் இதே இடத்தில்தான் இடறியது. 2009 மே மாதம் டைம்ஸ் சதுக்கத்தில் பிரோட்வே வீதியின் ஒரு பகுதியை மூடி, மலிவான கதிரைகளைப் போட்டு விட்டார்கள். நடக்கிறவர்கள் காயப்படுவது 35 வீதம் குறைந்ததாக நகர நிர்வாகம் மறு ஆண்டு அறிவித்தது. பிறகு பொம்மை வேடம் போட்டுப் படமெடுக்கச் சொல்லிப் பணம் கேட்பவர்கள், உடம்பில் வர்ணம் பூசிய பெண்கள், சுற்றுலா டிக்கெட் விற்பவர்கள் என்று கூட்டம் சேர்ந்தது. 2015இல் முறைப்பாடுகள் முற்றி, சதுக்கத்தையே பெயர்த்து மீண்டும் வாகனங்களை விடலாமா என்று மேயரும் பொலிஸ் தலைவரும் வெளிப்படையாகப் பேசினார்கள். கடைசியில் பெயர்க்கவில்லை. 2016இல் நகர சபை சட்டம் இயற்றியது. வேடக்காரர் நிற்க வர்ணம் பூசிய கட்டங்கள், நடக்கிறவர் தடையில்லாமல் போக ஒரு வழி, அமர ஒரு பகுதி என்று தரையிலேயே பிரித்தார்கள். ஏழு ஆண்டு தாமதமாக எழுதிய விதி, ஆனாலும் எழுதினார்கள்.

அங்கே 2008இல் தொடங்கிய இன்னொரு ஏற்பாடு எனக்கு அதைவிடப் பிடித்தது. ஓர் இடத்தை நடைவெளியாக்கவேண்டும் என்றால் அந்தப் பகுதியிலுள்ள இலாபநோக்கற்ற அமைப்பு ஒன்று விண்ணப்பிக்கவேண்டும். கட்டுவது நகரத்தின் செலவு. கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கதிரைகளைப் பார்ப்பது அமைப்பின் பொறுப்பு. சிறிய உணவுக்கடை ஒன்றை நடத்தி அந்த வருமானத்தை அங்கேயே செலவழிக்கலாம். ஏழைகள் வாழும் பகுதிகளில் அமைப்புகள் இதற்குத் திணறின என்பதையும் சொல்லவேண்டும். வாடகைப் பணத்தில் ஒரு பங்கைத் தெருவைக் கூட்டத் தாருங்கள் என்று நாங்களும் கேட்டோம். எல்லா வருமானமும் சபை நிதியத்துக்கே போகவேண்டும் என்றார்கள். சட்டப்படி அது சரி. ஆனால் வரவுசெலவுத் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு செலவுத் தலைப்பைத் திறப்பதைச் சட்டம் தடுக்கவில்லை.

சென்னை பாண்டி பஜாரையும் உதாரணம் காட்டுவார்கள். 2019 நவம்பரில் திறந்த அந்த நடைவளாகத்தில் வாகனங்கள் ஓடுகின்றன. ஓடுபாதையை ஒடுக்கி, இரண்டு பக்கமும் நடைபாதையை அகலமாக்கினார்கள். உங்கள் ஊரில் முழுதாக மூடச் சம்மதம் கிடைக்காவிட்டால் இது நல்ல பாதிவழி.

மட்டக்களப்பு நகரத்திலேயே திட்டம் போடாமல் உருவான ஒன்று இருக்கிறது. 2013இல் புதிய கல்லடிப் பாலம் திறந்ததும் நெரிசல் அந்தப் பக்கம் போனது. பழைய லேடி மனிங் பாலம் மாலையில் காற்று வாங்குகிறவர்களுக்கும் தூண்டில் போடுகிறவர்களுக்கும் கிடைத்தது. காந்தி பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள், மாவட்டத்தில் எந்தக் கவனயீர்ப்புப் போராட்டம் என்றாலும் அதன் முன்றலில்தான். நடைவெளி கேட்கிறவர் பதாகையோடு வருகிறவரையும் எதிர்பார்க்கவேண்டும். அவரைத் துரத்துகிற உபவிதி எழுதக்கூடாது.

உபவிதி என்றதும் இன்னொரு எரிச்சல். சபை உபவிதி இயற்றினால் மாகாண அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும், வர்த்தமானியில் வரவேண்டும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே வைக்கவில்லை, ஆளுநர்தான். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களும் கலைந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை உத்தியோகத்தர்களே நடத்தினார்கள். அந்த இடைவெளியில் ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லக்கூட வாக்குக் கேட்டு வந்த முகம் ஒன்றும் கிடையாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் வீதி திருத்துவது என்றால் பழைய தாரின் மேல் புதிய தாரை ஊற்றுவது. காப்பெட் வீதி என்று பெருமையாகத் திறப்பார்கள். வீதி உயர்ந்துகொண்டே போகிறது, கடை அங்கேயே இருக்கிறது. மாரி மழைக்கு வடிகான் நிரம்பி, தண்ணீர் வாசல்படியைக் கேட்காமல் உள்ளே வருகிறது. கீழ்த்தட்டில் இருந்த தோல் செருப்புகளை இரண்டு முறை எறிந்திருக்கிறேன். வீதியை உயர்த்தியவருக்கும் வடிகானுக்குப் பொறுப்பானவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. உங்கள் தெருவுக்கு அழகான கல் பதிக்க வந்தால், கல்லின் நிறத்தைப் பார்க்கமுன் அதன் மட்டத்தைப் பாருங்கள்.

இப்போது உங்கள் வேலை. நிரந்தரமாக மூடக் கேட்காதீர்கள், பண்டிகைக்கால மாலைகளுக்கு மட்டும் கேளுங்கள். அதே கடிதத்தில் மூன்றைச் சேருங்கள்: எந்த வண்டிகளுக்கு விதிவிலக்கு, தெருவின் நடுவில் எத்தனை அடி எவருக்கும் வாடகைக்கு விடப்படாது, ஏற்கனவே அங்கே இருந்து விற்கிறவர்களின் இடம் எது. சபைகளின் வரவுசெலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் நிறைவேறிவிடும் என்பதால் ஒக்டோபருக்குள் கொடுத்துவிடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.