சுவீடன் அரசியல்வாதி ரிச்சர்ட் யோம்ஸ்ஹோஃப் முன்பு இசைக்கலைஞராக இருந்தாரா?

ஆமாம், இருந்தார். அதுவும் பேருக்கு இல்லை. தெற்கு சுவீடனின் லாண்ட்ஸ்க்ரூனாவில் தொடங்கிய 'எலிகன்ட் மெஷினரி' என்ற சின்த்பாப் குழுவில் அவர் ஒருவர். கிட்டார் முழக்கம் இல்லாமல் சின்தசைசரையே நம்பிய இசை; 1990களில் அந்த வகை ரசிகர்களிடையே குழுவுக்கு நல்ல பெயர்.

அப்புறம் ஆசிரியர் வேலை, அரசியல். குடியேற்றத்தைக் கடுமையாக எதிர்க்கும் சுவீடன் ஜனநாயகவாதிகள் கட்சி 2010ல் முதன்முறையாக 20 இடங்களுடன் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தபோது அவரும் உறுப்பினரானார். 2015 முதல் 2022 வரை கட்சிச் செயலாளர்.

2022 தேர்தலில் கட்சிக்கு 73 இடங்கள், இரண்டாம் இடம். ஆனாலும் அமைச்சரவையில் பங்கு இல்லை, வெளியிலிருந்து ஆதரவுதான். பதிலுக்குச் சில நாடாளுமன்றக் குழுக்களின் தலைமை கிடைத்தது. நீதித்துறைக் குழு யோம்ஸ்ஹோஃபுக்கு வந்தது. போலீஸ், குற்றச் சட்டம் எல்லாம் அலசப்படும் இடம் என்பதால் இது லேசான பதவி இல்லை.

2023ல் குர்ஆன் எரிப்புச் சர்ச்சை கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் இஸ்லாத்தைச் சாடிப் பதிவு போட்டார். எதிர்க்கட்சியினர் பதவி விலகச் சொன்னார்கள். அப்போது அவர் அசையவில்லை. சின்த்பாப் கேட்டு அவரிடம் வந்த பழைய ரசிகர்களுக்குத்தான் சங்கடம் என்று நினைக்கிறேன்.