அரிச்சல்முனைப் படத்தில் கடல் வெளிறித் தெரிந்தால்

கேள்வி: தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நண்பகலில் செல்பேசியால் எடுத்த படத்தில் கடலும் வானமும் வெளிறியிருக்கின்றன. மணலில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கிடக்கிறது. அலையோரம் ஒருவர் நடந்து போகிறார். இவற்றை நீக்கி நிறத்தைக் கூட்டுவது எப்படி?

பதில்: நீக்கும் வேலையை முதலில் முடித்துக்கொண்டால், பிறகு செய்யும் நிறமாற்றம் ஒட்டுப்போட்ட இடத்திலும் சுற்றுப்புறத்திலும் ஒருசேரப் படியும். பாட்டிலுக்கு ஸ்னாப்சீட் செயலியின் ஹீலிங் கருவியே போதும். படத்தை நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு, பாட்டிலோடு அதன் நிழலையும் சேர்த்துத் தடவுங்கள். நிழலை விட்டுவிட்டால், பொருளே இல்லாமல் கிடக்கும் அந்தக் கறுப்புத் திட்டு பாட்டிலைவிட அதிகமாகக் கண்ணை உறுத்தும்.

நடப்பவரை நீக்குவது கடினம், ஏனெனில் அவருடைய உடல் மணல், நுரை, நீர் மூன்றின் மீதும் விழுகிறது. ஒரே வீச்சில் தடவினால் நுரைக்கோடு உடைந்துவிடும். ஆகவே நீர்ப்பகுதியையும் மணற்பகுதியையும் தனித்தனியே சரிசெய்து, நுரையைக் கடைசியாக, அதே கோட்டில் பக்கத்திலுள்ள நுரையை நகலெடுத்து இணைக்க வேண்டும். இதற்குக் கணினியில் கிம்ப் மென்பொருளின் குளோன் கருவி வசதியானது. நானாக இருந்தால் அவரை விட்டுவைப்பேன். அந்த வெட்டவெளியின் அகலத்தைக் காட்ட அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

இனி நிறம். முதலில் ஹைலைட்ஸை, அதாவது படத்தின் மிகப் பிரகாசமான பகுதிகளின் ஒளியை, குறையுங்கள். முழு வெண்மையாக எரிந்துபோன மேகத்தில் மட்டும் எதுவும் மீளாது. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளே உள்ளதால், வானத்தின் நீலத்தை அளவுக்கு மீறி இழுத்தால் பட்டை பட்டையாகப் பிரியும். அடுத்த முறை செல்பேசியில் ரா வடிவத்தில், அதாவது கேமரா பதிந்த தரவை அதிகம் பதப்படுத்தாமல் வைக்கும் வடிவத்தில், எடுங்கள்; 12 பிட் என்றால் 4096 படிநிலைகள் கிடைக்கும்.

சாச்சுரேஷன் எல்லா நிறத்தையும் ஒரேயடியாக ஏற்றும். மங்கிய நிறங்களையே பெரிதும் தொடும் வைப்ரன்ஸ் இங்கே பொருத்தமானது. மூட்டத்தை விலக்கும் டீஹேஸைக் கடலுக்கும் வானத்துக்கும் மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது அந்தப் பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, கொடுங்கள். அங்குள்ளவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், அலை மிகுந்த மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். படத்தில் இரண்டும் தெரிந்தால் தனித்தனி மாஸ்க் வையுங்கள். ஒரே அளவில் நீலத்தைக் கூட்டினால் இரண்டும் நீச்சல்குளம் போலாகிவிடும். இடையிடையே மூலப் படத்தோடு ஒப்பிட்டு மணலைப் பாருங்கள்: அது மஞ்சள் தடவியதுபோல் மாறியிருந்தால், வைப்ரன்ஸைக் குறைக்க வேண்டிய நேரம் அது.